கட்டரை உருவாக்காத தையல் கடை

ஒரு தையல் கடையின் உண்மையான முதல் எது? கடை அறையா, மெஷினா, தட்டில் அடுக்கி வைத்திருக்கும் துணியா? இவையெல்லாம் பணம் கொடுத்தால் கிடைக்கும். கிடைக்காதது கட்டரின் கை. அளவெடுத்து கோட், சூட் தைக்கும் கடைகளுக்கு வாடிக்கையாளர்கள் தேடி வருவது அந்தக் கையைத்தான். கட்டர் வேறு கடைக்குப் போனால் அவர்களும் பின்னால் போவார்கள். அவர் வயோதிபமாகி ஓய்வெடுக்கும்போது அடுத்தவர் தயாராக இல்லையென்றால் கடை படுத்துவிடும். எனவே ஒரு பிள்ளைக்குத் தொழில் பழக்குவது புண்ணியமான காரியம் மட்டுமல்ல, வியாபாரத்தில் போடும் முதலீடும்தான்.

இத்தொழிலுக்கு உலகில் பெயர்போன இடம் லண்டனிலுள்ள சவில் ரோ வீதி. ஹென்றி பூல் என்ற தையல் நிறுவனம் 1846இல் அங்கு வாசல் திறந்தது. அவ்வீதியின் தையல் நிறுவனங்கள் 2004இல் ஒரு சங்கமாக இணைந்தன. ஒரு சூட்டுக்குக் குறைந்தது 50 மணித்தியாலக் கைவேலை வேண்டும் என்பது அவர்கள் பேணும் தரம்.

அங்கு கட்டர் வேறு, தையல்காரர் வேறு. வாடிக்கையாளரைச் சந்திப்பது, அளவெடுப்பது, கடதாசியில் மாதிரி வரைவது, துணி வெட்டுவது, போட்டுப் பார்த்துத் திருத்துவது எல்லாம் கட்டரின் பொறுப்பு. தைப்பது மற்றவரின் வேலை.

பயிலுநரின் கையில் முதல் நாளே கத்தரிக்கோலைக் கொடுத்துவிடுவதில்லை. முதலில் ஊசி பிடிக்கவும் நூலோட்டவும் பழக வேண்டும். ஏனெனில் தைக்கத் தெரியாதவர் வெட்டினால் தைப்பவருக்குத்தான் கஷ்டம். அடுத்து லைனிங், கன்வஸ், பொக்கெட் துணி முதலியவற்றை வெட்டிக் கட்டிக் கொடுக்க வேண்டும். பிறகு மாஸ்டர் சோக்கால் போட்ட கோட்டின் மேல் வெட்டலாம். மாதிரி வரைவது அதற்கும் பின்னர்தான். துணியின் கோடும் கட்டமும் தையலில் பொருந்துவது, பிற்காலத்தில் உடம்பு பருத்தால் பிரித்து விடுவதற்குத் தையலோரத்தில் மேலதிகத் துணி வைப்பது எல்லாம் இக்கட்டத்தில் பழகுபவை.

அளவெடுப்பது கடைசிப் பாடம். டேப்பில் இலக்கம் வாசிக்க எவருக்கும் தெரியும். ஆனால் ஒருவரின் வலது தோள் சற்று இறங்கியிருப்பதையும் முதுகு கூனியிருப்பதையும் டேப் சொல்லாது; கண்தான் சொல்லும். மாஸ்டர் அளவு சொல்லச் சொல்லப் பக்கத்தில் நின்று எழுதியே அந்தக் கண் வருகிறது.

இதற்கெல்லாம் வருடங்கள் எடுக்கும். கெத்ரின் சார்ஜன்ட் என்ற பெண்மணி 1996இல் சவில் ரோவின் கீவ்ஸ் அன்ட் ஹோக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். தலைமைக் கட்டரானது 2009இல். அவ்வீதியில் அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு சூட்டுக்கு ஏறக்குறைய மூன்றரை மீற்றர் துணி போகும். பிழையாக வெட்டினால் நட்டம் முதலாளிக்கு. அதைவிடப் பெரிய நட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. உருப்படிக் கணக்கில் கூலி வாங்கும் மாஸ்டர் ஒரு பையனுக்குச் சொல்லிக் கொடுக்கச் செலவிடும் ஒவ்வொரு மணித்தியாலமும் அவருடைய வருமானத்தில் குறைகிறது. "மாஸ்டர் தொழிலை மறைக்கிறார்" என்று நாம் குறைப்படுகிறோம். அவருடைய பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பழக்கும் நேரத்துக்கு மாதாந்தம் ஒரு தொகையை முதலாளி தனியாகக் கொடுத்தால் அந்த மறைப்பு பெரும்பாலும் நீங்கிவிடும்.

"பழகியபின் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவானே" என்பது அடுத்த பயம். போகலாம்தான். ஆனால் பழக்காமல் விட்டால் போவதற்கும் ஆளில்லை, இருப்பதற்கும் ஆளில்லை. எத்தனை வருடம், எந்தக் கட்டத்தில் என்ன சம்பளம், முடிவில் என்ன பதவி என்பவற்றை ஆரம்பத்திலேயே எழுதிக் கையொப்பமிடுங்கள். தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறு சூரா அல்பகராவின் 282ஆவது வசனத்தில் கட்டளையிடப்பட்ட சமூகம் நாம். தொழில் பழகும் உடன்படிக்கையை மட்டும் ஏன் வாய்ப்பேச்சில் விட வேண்டும்?

நம் நாட்டுச் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 2021இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு அமர்த்த முடியாது. பயிலுநர் பயிற்சி பற்றிய விபரங்களை 'நைட்டா' எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையில் பெறலாம். பள்ளிச் சான்றிதழ் இல்லாமல் கடையிலேயே பழகியவரின் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ தகைமை வழங்கும் ஏற்பாடும் இருக்கிறது. வெளிநாடு போக நினைக்கும் இளைஞருக்கு அந்தச் சான்றிதழ் பெறுமதியானது.

நபி இத்ரீஸ் (அலை) அவர்கள் தையல் தொழில் செய்தார்கள் என்று அறிவிப்புகளில் கூறப்படுகிறது. அத்தகைய கண்ணியமான தொழிலை "சாதாரண தரத்தில் பெயிலான பையனுக்கு" என்று ஒதுக்கி வைப்பது சரியல்ல. கணக்குத் தெரிந்த, பொறுமையுள்ள பிள்ளையாகப் பார்த்துச் சேருங்கள். உங்கள் கட்டருக்கு இப்போது ஐம்பது வயது தாண்டியிருந்தால், தேடுவதை இந்த மாதமே ஆரம்பியுங்கள். இன்ஷா அல்லாஹ், அவர் கத்தரிக்கோலை வைக்கும் நாளில் அதை எடுக்க இன்னொரு கை இருக்கும்.