வெள்ளெலியும் அதன் மங்கோலியப் பங்காளியும்

சம்பாப் பயிர் கதிர்விடும் பருவத்தில், நெடுங்காடு, திருநள்ளாறு பக்கத்து வயல்களில் அந்தி சாயும் வேளையில் வரப்போரமாக மூங்கில் கிட்டிகளை ஊன்றிச் செல்வதையும், விடிந்ததும் அவற்றில் மாட்டிய எலிகளை எண்ணிக் கூலி வாங்குவதையும் கண்டு வளர்ந்தவர்களுக்கு, அந்த வம்சத்துப் பிராணியொன்றை விலை கொடுத்து வாங்கிக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க ஆசைப்படுவோரைக் கண்டால் வேடிக்கையாகத்தான் இருக்கும். கிட்டியில் சிக்குவன பெரும்பாலும் கரம்பை எலியும் புல்லெலியும் சுண்டெலியும். ஆனால் மேட்டு நிலங்களில் வாழும் வெள்ளெலி, அதாவது உடலைவிட நீண்ட வாலும் வால் நுனியில் கரிய மயிர்க்குஞ்சமும் உடைய அந்தப் பிராணி, உண்மையில் ஜெர்பில் இனத்தைச் சேர்ந்தது. 1807-இல் ஹார்ட்விக் என்னும் கும்பினிப் படை அதிகாரி அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார்.

செல்லப் பிராணியாக உலகெங்கும் வளர்க்கப்படுவது இதன் பங்காளியான மங்கோலிய ஜெர்பில். காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த காலத்தில், 1866-இல், ஆர்மான் தாவீது என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அதை வட சீனத்திலிருந்து பாரீஸ் காட்சிசாலைக்கு அனுப்பினார். 1935-இல் அமூர் நதிப் பிரதேசத்தில் ஜப்பானியர் பிடித்த 20 ஜோடிகளின் சந்ததியில் சில, காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய அதே 1954-இல், அமெரிக்க ஆய்வுக்கூடமொன்றை அடைந்தன. அங்கிருந்து குழந்தைகளின் கைக்கு வர அதிக காலம் பிடிக்கவில்லை.

வளர்க்கலாமா என்ற கேள்விக்கு, நம் ஊரில் பதில் சொல்ல வேண்டியது கடற்காற்றே. நீர் அரிதான வறண்ட புல்வெளியில் பிறந்த ஜீவனாதலால், அதன் சிறுநீரகங்கள் ஒவ்வொரு துளி நீரையும் சேமித்து, மூத்திரத்தைச் சில சொட்டுகளாகச் சுருக்கிவிடுகின்றன. தொட்டி நாறாமலிருப்பதன் ரகசியம் இதுவே. கண்ணுக்குப் பின்னாலுள்ள ஒரு சுரப்பி கசிய விடும் செந்நிறத் திரவத்தை அது முகம் கழுவுவதுபோல் ரோமமெங்கும் தடவிக்கொள்கிறது. பின்பு மணலில் புரண்டு மிகுதியைப் போக்கிக்கொள்கிறது. காற்றின் ஈரம் 50 சதவீதத்தைத் தாண்டினால் இந்த ஏற்பாடு குலைகிறது. ரோமம் எண்ணெய் பூசியதுபோல் ஒட்டிக்கொள்ள, மூக்கைச் சுற்றித் திரவம் தேங்கிப் புண்ணாகிறது. சுத்தமான உப்பே ஏறக்குறைய 75 சதவீத ஈரத்தில்தான் நீர்விடத் தொடங்கும். ஐப்பசி மழையில் நம் அடுக்களை உப்பு ஜாடி கசியும்போது ஜெர்பிலின் நிலைமை என்னவாக இருக்குமென்று வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். தப்பியோடினால் பிழைத்துப் பெருகிவிடுமென்று அஞ்சிக் கலிபோர்னியா இதை வளர்க்கத் தடை விதித்திருக்கிறது. அந்த அச்சம் நமக்கு வேண்டாம் என்றே தோன்றுகிறது.

ஈரத்தை இழுக்கும் இயந்திரமும் அதற்கான மின்சாரச் செலவும் கட்டுப்படியாகும் இல்லமானால், ஆசையை நான் தடுக்கப் போவதில்லை. கம்பிக் கூண்டு ஆகாது. ஓரடி உயரத்துக்கேனும் காகிதத் துணுக்கும் வைக்கோலும் நிரப்பிய, காற்றோட்டமுள்ள மூடியுடைய கண்ணாடித் தொட்டி வேண்டும். வளை தோண்டுவது அதற்கு விளையாட்டல்ல, சுபாவம். தோண்ட இடமில்லாதது தொட்டி மூலையையே ஓயாமல் பிறாண்டிக்கொண்டிருக்கும். ஆகாரத்தில் சூரியகாந்தி விதையைக் குறைப்பது நலம், கொழுப்பு மிகுதி. வாலைப் பிடித்துத் தூக்கினால் வாலின் தோல் உறைபோல் கழன்று வந்துவிடும். உள்ளங்கைகளைக் குவித்தே எடுக்க வேண்டும். வயல் வெள்ளெலியைப் பிடித்து வந்து பழக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. இந்தியக் காடு மேடுகளில் பிளேக் கிருமி தங்கி வாழ்வது அந்தப் பிராணியிடத்தில்தான் என்பதால், அந்த யோசனை வேண்டவே வேண்டாம்.

தனியாக வளர்ப்பதும் கூடாது. ஒரே பாலைச் சேர்ந்த உடன்பிறப்புகள் இரண்டாக வாங்குவதே முறை. அவை மூன்று நான்கு ஆண்டுகள் வாழும். ஒன்று முந்திப் போனபின் துணைக்கென்று அயலானை நேரே உள்ளே விட்டால், இரண்டும் உயிர்போகும்வரை கடித்துக் குதறிக்கொள்ளும். நடுவே கம்பி வலைத் தடுப்பு வைத்து, தினம் பக்கம் மாற்றி, ஒன்றின் வாசனை மற்றொன்றுக்குப் பழகியபின்பே தடுப்பை எடுக்க வேண்டும்.