"புரிந்தது" வேறு, "சம்மதம்" வேறு



இத்தாலி நாட்டில் பொலோன்யா என்றொரு நகரம். பாக்கெட் போடும் இயந்திரங்கள் செய்வதில் அந்த வட்டாரம் உலகப் புகழ் பெற்றது. மசாலாப் பொடி பாக்கெட் போட இயந்திரம் வாங்குவதற்காக 1998இல் அங்கு சென்றிருந்தேன். முன்பணம் கட்டியாகிவிட்டது. கடைசி நாளன்று மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. "விலையில் 5 சதவீதம் குறையுங்கள், ஓராண்டுக்கு வேண்டிய உதிரி பாகங்களையும் சேர்த்து அனுப்புங்கள்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். முதலாளி தலையசைத்து, "ஓ கப்பீத்தோ" என்றார். நாம் "சரிங்க" என்பது போலத்தான் என் காதில் விழுந்தது. மகிழ்ச்சியோடு ஊர் திரும்பினேன்.

பின்னால் வந்த பில்லில் முழு விலை! உதிரி பாகங்களுக்குத் தனிக் கணக்கு. யாரோடு சண்டை போடுவது? "ஓ கப்பீத்தோ" என்றால் "எனக்குப் புரிந்துவிட்டது" என்று மட்டுமே பொருள். நான் கேட்டது அவருக்குப் புரிந்தது. தருகிறேன் என்று அவர் எங்கே சொன்னார்? பணத்தைக் கட்டித்தான் இயந்திரத்தை இறக்கினேன்.

அதன்பின் அந்த மொழி தெரிந்தவர்களிடம் கேட்டு அறிந்தவற்றை நம் உறுப்பினர்களுக்காகத் தருகிறேன்:

"கப்பீஸ்கோ": புரிகிறது. ஒருவர் தம் கஷ்டத்தைச் சொல்லும்போது ஆறுதலாகவும் சொல்வார்கள். தவணை கேட்டதற்கு இந்தப் பதில் வந்தால், தவணை கிடைத்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது.

"ஓ கப்பீத்தோ, ஓ கப்பீத்தோ": இருமுறை வேகமாகச் சொன்னால், "போதும், விடுங்கள்" என்று பொருள்.

"வெதியாமோ": நம் "பார்க்கலாம்" தான். இதற்கு விளக்கம் வேண்டியதில்லை!

"வா பேனே": சரி, ஆகட்டும்.

"தக்கோர்தோ": சம்மதம். நான் காத்திருந்து கேட்டிருக்க வேண்டிய சொல் இதுதான்.

"நொன் ஓ கப்பீத்தோ": எனக்குப் புரியவில்லை. இதைச் சொல்ல வெட்கப்படவே கூடாது.

எதிராளிக்குப் புரிந்ததா என்று கேட்பதிலும் மரியாதை உண்டு. நெருங்கியவரிடம் "ஆய் கப்பீத்தோ?", மற்றவரிடம் "ஆ கப்பீத்தோ?" என்பார்கள். அதைவிடப் பணிவானது "மி சோனோ ஸ்பியெகாத்தோ?" என்பது. "நான் விளங்கும்படி சொன்னேனா?" என்று குறையைத் தன்மேல் போட்டுக்கொண்டு கேட்பது. வாடிக்கையாளரிடம் நாமும் கேட்கத் தக்க முறை இது.

நம் "சரி" ஒன்றே இரண்டு வேலையும் செய்கிறது. ஆகவே உள்ளூர் வியாபாரமானாலும், எதிராளி "சரி" என்றதும் எழுந்துவிடாதீர்கள். விலை, அளவு, தவணை மூன்றையும் ஒரு சிட்டையில் எழுதிக் காட்டுங்கள். அவர் கையெழுத்துப் போட்ட பிறகே அது சம்மதம்.