பதக்கத்தில் ஒரு முனிவரின் எலும்பு

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டை அருகே பழவங்காடிப் பிள்ளையார். சாலைக் கடைத்தெருவுக்கும் ஆபீசுக்கும் போகிற தமிழர்கள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். சிதறுதேங்காய்க்குப் பெயர்போன இந்தக் கோயிலை நடத்துவது இந்திய ராணுவம்.

திருவிதாங்கூர் நாயர் பட்டாளம் கும்பிட்ட பிள்ளையார் இவர். சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் அந்தப் பட்டாளம் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தது. கோயில் பொறுப்பும் ராணுவத்துக்கு வந்தது.

தொப்பியில் யானை

மதராஸ் ரெஜிமெண்ட் சின்னத்தில், குறுக்கிட்ட இரண்டு வாள்களின்மேல் ஒரு யானை நிற்கும். யானைமுகனை நினைத்து வைத்ததல்ல அது. 1803 செப்டம்பர் 23-ல் அசாயேயில் மராத்தியரை எதிர்த்து நடந்த போரின் நினைவு. வெற்றி கம்பெனிக்கு, யானை சிப்பாய்க்கு. இந்தியரை இந்தியரே வெட்டிய போரில் பெருமை பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆனால் மாண்டவர்களில் நம்மூர்ச் சிப்பாய்களும் உண்டு. அவர்கள் பெயர்கள் மறைந்துவிட்டன, யானை நிற்கிறது.

வஜ்ராயுதம் நான்கு

சுதந்திர இந்தியாவுக்குச் சொந்தப் பதக்கம் வேண்டியிருந்தது. மேஜர் ஜெனரல் ஹீராலால் அடல் அந்த வேலையைச் சாவித்திரி கானோல்கரிடம் ஒப்படைத்தார். சுவிட்சர்லாந்தில் பிறந்து, இந்திய ராணுவ அதிகாரியை மணந்து, நம் புராணங்களை ஆழ்ந்து கற்ற பெண்மணி. அவர் வடிவமைத்த பரமவீர் சக்கரம் 1950 ஜனவரி 26-ல் நிறுவப்பட்டது.

வெண்கல வட்டம். நடுவில் அரசு முத்திரை. சுற்றிலும் இந்திரனின் வஜ்ராயுதம் நான்கு. ரிப்பன் முழுவதும் ஒரே ஊதா நிறம். வஜ்ராயுதம் செய்வதற்குத் தன் எலும்பையே கொடுத்து உயிர்விட்டவர் ததீசி முனிவர். எதிரியை வீழ்த்தியதைவிட, தன்னையே கொடுத்ததைத்தான் இந்தப் பதக்கம் சொல்கிறது.

இதைப் பெற்ற 21 பேரில் 14 பேர் பதக்கத்தைக் கண்ணால் காணாதவர்கள். அவர்களில் ஒருவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். பம்பாயில் பிறந்த தமிழர். 1987 நவம்பர் 25-ல் இலங்கையில் அமைதிப்படைப் பணியில் உயிர்நீத்தார்.

டிரங்குப் பெட்டியில்

பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் பழைய பதக்கங்கள் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கின்றன. ரிப்பன் நைந்துபோய், எந்தப் போர் என்று பேரனுக்குத் தெரியாமல், சில பழைய பாத்திரத்தோடு எடைக்கும் போய்விடுகின்றன. பல பதக்கங்களின் விளிம்பில் வீரரின் பெயர் வெட்டப்பட்டிருக்கும். அதைத் துடைத்துப் படித்து, வீட்டுப் பெரியவரிடம் விவரம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்க அரைமணி நேரம் போதும். யானைக்குப் பின்னால் மறைந்த பெயர்களை இனி மீட்க முடியாது. பெட்டிக்குள் இருக்கும் பெயர்களையாவது காப்பாற்றலாம்.