ஒரு பெயர், இரு விதி: நிரல்மொழிகளில் பங்குகளின் இணைப்பும் முரண் தீர்வும்

தெலங்கானாவில் கொண்டாப்பூர் என்னும் பெயருடைய ஊர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை உள்ளன. ஒன்று ஐதராபாத் மாநகரின் மேற்கே, ஹைடெக் சிட்டிக்கும் கச்சிபௌலிக்கும் அண்மையில், மென்பொருள் பணியாளர் நிறைந்து வாழும் பகுதி. மற்றொன்று சங்காரெட்டி மாவட்டத்தில் உள்ள சாதவாகனர் காலத் தொல்லியல் களம். 1940களின் தொடக்கத்தில் நிஜாம் அரசின் தொல்லியல் துறையினர் அதனை அகழ்ந்தனர். 'கொண்டாப்பூர்' என்று மட்டும் எழுதிய கடிதத்தை எங்குச் சேர்ப்பது? பெரிய ஊருக்கே அனுப்பிவிடலாம். அனுப்பியவரிடமே திருப்பிவிடவும் செய்யலாம். முன்னது விரைவானது. ஆனால் தவறு நேர்ந்தால் அது எவருக்கும் தெரியவாராது. இந்திய அஞ்சல்துறை 1972 ஆகஸ்டு 15 முதல் வழங்கிவரும் குறியீட்டெண் இத்தகைய மயக்கங்களைக் களைவதற்கென எழுந்ததாகும். அதனை வகுத்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வடமொழிக் கவிஞராகவும் விளங்கினார்.

நிரல்மொழிகளை வடிவமைப்போர் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்று இதனோடு முற்றும் ஒத்தது. அதனை மொழியியலாருக்குப் பழக்கமான எடுத்துக்காட்டின்வழி விளக்க முற்படுவது இக்கட்டுரை.

பங்கு என்னும் கருத்து

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ஒரு வகைப் பொருள்களின் பொதுவரையறை 'வகுப்பு' எனப்படும். அப்பொருள் செய்யவல்ல செயல் ஒவ்வொன்றும் 'வழிமுறை' எனப்படும். பல வகுப்புகளுக்குப் பொதுவான வழிமுறைகளைத் தனியே தொகுத்து, வேண்டும் வகுப்பு ஏற்றுக்கொள்ளுமாறு வைப்பது 'ரோல்' ஆகும். இச்சொல்லைப் 'பாத்திரம்' எனப் பெயர்த்தால் நாடக மாந்தர் நினைவு வந்துவிடும். இங்குக் கருதப்படுவது முழு ஆள் அன்று, ஆளின் ஒரு தகுதி மட்டுமே. 'பங்கு' என்பதும் சந்தையை நினைவூட்டும் குறையுடையதே. எனினும் வகுப்பு பங்கு 'ஏற்கிறது' என்னும் வினை அச்சொல்லோடு இயல்பாகவே அமைந்துவிடுவதால் அதுவே இங்கு ஆளப்படுகிறது.

தமிழில் வினையாலணையும் பெயர் இரு பங்குகளை ஏற்ற வகுப்பிற்குத் தக்க சான்றாகும். 'வந்தவன்' என்பது பெயர்ப்பங்கிலிருந்து வேற்றுமை ஏற்கும் தன்மையைப் பெறுகிறது. வினைப்பங்கிலிருந்து காலம் காட்டும் தன்மையைப் பெறுகிறது. பெயருக்குக் காலமில்லை, வினைக்கு வேற்றுமையில்லை. ஆதலின் இவ்விரண்டிலும் மோதல் எழுவதில்லை.

மோதல் எழுவது எதிர்மறையில். தமிழ்ச் சொற்களை ஆக்கும் நிரல் ஒன்றில் இரு பங்குகளும் 'எதிர்மறை' என்னும் ஒரே பெயரில் வழிமுறை வைத்திருப்பதாகக் கொள்க. வினைப்பங்கின் வழிமுறை 'வராதவன்' என்று தரும். பெயர்ப்பங்கின் வழிமுறை 'வந்தவன் அல்லன்' என்று தரும். இரண்டும் பிழையற்ற தமிழ், பொருள்தான் வேறு. 'கையெழுத்திட்டவர் அல்லர்' என்பது அச்செயலை இவரிடமிருந்து விலக்குகிறது. கையெழுத்திட்டவர் வேறொருவர் உளர் என்னும் குறிப்பையும் பெரும்பாலும் தருகிறது. 'கையெழுத்திடாதவர்' என்பது இவரைக் கையெழுத்திடாதாருள் ஒருவராக வைக்கிறது. வழக்குமன்ற ஆவணத்தை மொழிபெயர்ப்பவர் ஒன்றனை மற்றொன்றன் இடத்தில் வைக்க ஒருப்படார்.

வரிசையால் தீர்த்தல்

இத்தகைய மோதலுக்குப் பல்லாண்டுகளாக வழங்கிவந்த தீர்வு, வரிசை. பல்வழி மரபுரிமையை ஏற்ற மொழிகள் பல, மூலங்களை ஒரு கோட்டில் நிறுத்தி, முதலில் எதிர்ப்படும் வழிமுறையை எடுத்துக்கொள்கின்றன. அவ்வரிசையைச் சீராகக் கணிக்கும் சி3 என்னும் முறை 1996இல் டிலன் மொழிக்கென முன்மொழியப்பட்டது. 2003இல் வெளிவந்த பைத்தான் 2.3 அதனை மேற்கொண்டது. இம்முறையில், மேற்கண்ட நிரலை எழுதுபவர் 'வினை, பெயர்' என்று எழுதினால் 'வராதவன்' கிடைக்கும். 'பெயர், வினை' என்று எழுதினால் 'வந்தவன் அல்லன்' கிடைக்கும். எவ்வித எச்சரிக்கையும் எழாது.

வரிசையால் முரண் தீர்ப்பது இலக்கண உலகிற்குப் புதிதன்று. சமவலிமையுடைய இரு விதிகள் ஓரிடத்தில் மோதினால் பிந்தியதே நிகழ்க என்று அஷ்டாத்தியாயியின் 1.4.2ஆம் சூத்திரத்திற்கு மரபினர் பொருள் கொண்டனர். ஆனால் அது எல்லா இடத்தும் உரிய வடிவைத் தரவில்லை. எனவே அங்குள்ள 'பர' என்னும் சொல்லுக்கு 'விரும்பப்பட்டது' என்றும் பொருள்கொள்ள இடமுண்டு எனப் பதஞ்சலி கருதினார். பின்வந்தோர் நித்தியம், அந்தரங்கம், அபவாதம் என வலிமைப் படிநிலைகளை வகுத்தனர். ரிஷி ராஜ்போபட் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வேட்டில், அச்சொல் நூலில் பிந்திய விதியையன்று, சொல்லில் வலப்புறம் நிற்கும் உறுப்புக்குரிய விதியையே குறிக்கும் என்று வாதிட்டது 2022இல் பரவலாக அறியப்பட்டது. வடமொழி அறிஞருள் அதனை மறுப்போரும் உளர்.

இங்கு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. பாணினியின் சூத்திர வரிசை ஒரே ஆசிரியர் திட்டமிட்டு அமைத்தது. ஆகவே அவ்வரிசைக்குப் பொருள் உண்டு. நிரலின் பங்குகளோ ஒருவரையொருவர் அறியாத பலர் எழுதியவை. 'பெயர்' முன்னும் 'வினை' பின்னும் நிற்பது தட்டச்சிட்டவரின் கை சென்ற வழியாகவே இருத்தல் கூடும். ஆசிரியன் கருதாத வரிசையிலிருந்து பொருளைப் பெறுவது பொருந்தாது.

தீர்க்க மறுத்தல்

2003இல் ஷேர்லி, டுகாஸ், நியர்ஸ்ட்ராஸ், பிளாக் ஆகிய நால்வர் 'டிரெய்ட்' என்னும் அலகைப் பற்றி வெளியிட்ட கட்டுரை இவ்வரிசை முறையைக் கைவிட்டது. இணைக்கப்படும் அலகுகள் அனைத்தும் சமம். மோதல் எழுந்தால் இணைப்பவரே வெளிப்படையாகத் தீர்த்தல் வேண்டும். ஒரே வழிமுறை இரு வழிகளில் வந்து சேர்ந்தால் அது மோதலாகாது என்னும் நுட்பமும் அதில் உண்டு. மறு ஆண்டில் லேரி வால் பேர்ல் 6 மொழிக்கு வகுத்த பங்குகள் இக்கருத்தை உட்கொண்டவை. 2015இல் வெளிவந்த அம்மொழி 2019இல் ராகு எனப் பெயர் மாற்றம் பெற்றது. வால் மொழியியல் பயின்றவர் என்பது இவ்விதழின் வாசகர்க்கு ஆர்வமூட்டும் செய்தியாகலாம்.

ராகு மொழியில் மேற்கண்ட வகுப்பை எழுதினால், நிரல் இயங்குவதற்கு முன்னரே மொழிமாற்றி நின்றுவிடும்: 'எதிர்மறை' ஒன்றுக்கு மேற்பட்ட பங்குகளில் உள்ளது, வகுப்பே அதனைத் தீர்க்க வேண்டும் என்று அறிவிக்கும். வகுப்பு தனக்கென ஓர் 'எதிர்மறை' எழுதிக்கொண்டால் அதுவே நிலைபெறும். அதற்குள்ளிருந்து எந்தப் பங்கின் வழிமுறையையும் பெயர்சுட்டி அழைக்கலாம். எடுத்துக்காட்டாக, சொல் பயனிலையாய் நிற்கும்போது பெயர்ப்பங்கினதையும் ('அவன் வந்தவன் அல்லன்'), வேற்றுமை ஏற்கும்போது வினைப்பங்கினதையும் ('வராதவனை') அழைக்குமாறு எழுதலாம். உரையாசிரியர் 'எய்தியது விலக்கிப் பிறிது விதி வகுத்தல்' என்று நூற்பாவின் பணியைச் சுட்டுவர். வகுப்பு செய்வது அதுவே. விலக்குகிறோம் என்று அறிந்து விலக்குவதே இங்கு முதன்மையானது.

கொண்டாப்பூரை அடுத்த கச்சிபௌலியில் இதற்கு இணையானதொரு துணிவு மொழிபெயர்ப்புத் துறையில் மேற்கொள்ளப்பட்டது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கி, ஐதராபாத்திற்கு வந்து, 1998இல் நிறுவப்பட்ட பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் தொடர்ந்த 'அனுசாரகா' பாணினிய நோக்கில் எழுந்தது. தெலுங்கு, கன்னடம் முதலிய மொழிகளின் பனுவலை இந்தி வாசகர் அணுகுமாறு செய்வது அதன் பணி. மூலத்திலுள்ள செய்தி இழக்கப்படலாகாது என்பது அதன் முதற்கொள்கை. ஐயமுள்ள இடத்தில் பொறி தானாக ஒன்றனைத் துணிந்து மற்றதை மறைப்பதினும், ஐயத்தைக் காட்டி வாசகரைத் துணியவிடுவது மேல் என்று அதனை வகுத்தோர் கருதினர். நன்னூலார் கூறும் உத்திகளுள் 'ஒருதலை துணிதல்' ஆசிரியனுக்கு உரியது, கருவிக்கு உரியதன்று.

எஞ்சும் இடர்கள்

இம்முறையும் விலையின்றிக் கிடைப்பதன்று. ஒரு பங்கின் ஆசிரியர் அடுத்த பதிப்பில் புதிய வழிமுறை ஒன்றைச் சேர்த்தால், நேற்றுவரை இயங்கிய வகுப்பு இன்று மோதலால் நின்றுவிடும். வரிசை முறையில் அது ஓடிக்கொண்டேயிருந்திருக்கும்; சரியாக ஓடியிருக்குமா என்பது வேறு வினா. 2014இல் வெளிவந்த ஜாவா 8 இடைமுகங்களுக்கு இயல்பு வழிமுறைகளை அளித்தபோது, தொடர்பற்ற இரு இடைமுகங்கள் மோதினால் பிழை என்றும், மேல்வகுப்பிலிருந்து வரும் வழிமுறை இருந்தால் அதுவே வெல்லும் என்றும் நடுவழி கண்டது. பேர்ல் 5இன் மூஸ் தொகுப்பில் இரு பங்குகளை ஒரே கூற்றில் ஏற்றால் மோதல் உணரப்படும். தனித்தனிக் கூற்றில் ஏற்றாலோ முதலில் வந்ததே ஓசையின்றி நிலைத்துவிடும். வாயிலில் தடுக்கப்பட்ட வரிசை சாளரத்தின்வழி நுழைந்த கதை இது.

பெயரை மாற்றித் தப்பலாம் என்பாரும் உளர். ஐஃபில் மொழி மரபுரிமையில் பெயர் மாற்ற இடம் தருகிறது. டிரெய்ட் முறையிலும், பி.எச்.பி. 5.4இலும் (2012) ஒரு வழிமுறையை விலக்கவும் மாற்றுப்பெயர் சூட்டவும் இயலும். ஆயினும் வினைப்பங்கின் வேறொரு வழிமுறை தன் உடலினுள் 'எதிர்மறை' என்று அழைத்திருந்தால், அவ்வழைப்பு மாற்றுப்பெயரைப் பின்பற்றாது; வென்றதையே சென்றடையும். 'வந்தவனா, வராதவனா' என்னும் வினாவை ஆக்க எழுதிய வழிமுறை 'வந்தவனா, வந்தவன் அல்லனா' என்று ஆக்கித் தரும். மோதல் இரு வழிமுறைகளோடு முடிவதில்லை. அவற்றை நம்பியிருக்கும் பிறவற்றையும் தொடுகிறது.

இரண்டனுள் ஒன்றையே கொள்ள வேண்டும் என்னும் கட்டாயமும் எங்கும் இல்லை. வினையாலணையும் பெயரின் பன்மையில் வினைப்பங்கு 'வந்தவர்' என்று தர, அது காலப்போக்கில் ஒருவரை உயர்த்திக் கூறும் மரியாதைச் சொல்லாயிற்று. பன்மையைத் தெளிவாக்க, முன்பு அஃறிணைக்கு உரியதாயிருந்த 'கள்' பெயர்ப்பங்கிலிருந்து வந்து அதன்மேல் ஏறியது. 'வந்தவர்கள்' என்னும் வடிவை நிரலில் பெற விரும்புபவர், வகுப்பின் 'பன்மை' வழிமுறைக்குள் முதலில் வினைப்பங்கினதையும், அதன் விளைவின்மேல் பெயர்ப்பங்கினதையும் அழைத்தல் வேண்டும். அழைப்பு முறை மாறினால் 'வந்தவன்கள்' என்பது போன்ற வடிவம் பிறக்கும்.