ஏற்றமும் இறக்கமும்: ஆர்.எக்ஸ்.100

எங்கள் சேரம்பாடி எஸ்டேட் ரோட்டில் தூரத்தில் சத்தம் கேட்டாலே சொல்லிடுவாங்க, 'யமஹா ஆர்.எக்ஸ்.100 வருது' என்று. 1985-ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி ஜப்பான் யமஹாவுடன் சேர்ந்து கொண்டுவந்த வண்டி. 1996-ல் தயாரிப்பு நின்றது. மாமா மட்டும் தன் வண்டியை விற்க மாட்டேன் என்கிறார்.

98 சி.சி.தானே, எப்படி இந்த ஏற்றம் ஏறுது? டூ ஸ்ட்ரோக்கில் கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் பவர் உண்டு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். எடையும் ஏறக்குறைய 100 கிலோதான்.

ஆபத்து இறக்கத்தில்தான். தனி டாங்கிலிருந்து ஆயிலை ஒரு பம்ப் எஞ்சினுக்கு அனுப்புகிறது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஆயில் கூடும், மூடினால் குறையும். மூடியபடியே கியரில் நெடுந்தூரம் இறங்கினால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆயிலோ போதாது. பிஸ்டன் ஜாமாகி, கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் கதி என்ன? அதனால்தான் மாமா இறங்கும்போது நடுநடுவே ஒரு முறுக்கு முறுக்குவார். ஸ்டைல் காட்டுறார் என்பார்கள் பையன்கள். அவர் கைப்பழக்கத்துக்குக் காரணம், எங்கள் வீட்டிலிருந்து முதலில் படிக்க வந்த எனக்கு வகுப்பில்தான் புரிந்தது.

பழைய ஆர்.எக்ஸ். வாங்கப் போகிறவர்கள் முதலில் ஆயில் பம்ப் கேபிளைப் பாருங்கள். மைலேஜ் அப்புறம் கேட்கலாம்.