ஒரு தெளிப்பான் கேட்டால் இரண்டு வந்ததா?
கைப்பேசியில் பொருள் வாங்கும் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

மானாவாரி நிலக்கடலை விதைத்து இருபது நாள் ஆகிறது. சுருள் பூச்சி தென்பட்டால் மருந்தடிக்க வேண்டும்; பழைய கைத்தெளிப்பானோ அடியில் ஒழுகுகிறது. டவுனுக்குப் போய் வந்தால் ஒரு நாள் வேலை கெடும் என்று எண்ணி, ஒரு விவசாயி கைப்பேசியிலேயே 16 லிட்டர் பேட்டரி தெளிப்பான் ஒன்றை வாங்க முனைகிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை ரூ.2,800. பணம் செலுத்தும் சமயத்தில் சிக்னல் போய்விடுகிறது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பணம் போகவில்லை என்று நினைத்து மறுபடியும் அழுத்துகிறார். சற்று நேரத்தில் வங்கியிலிருந்து இரண்டு குறுஞ்செய்திகள் வருகின்றன. ரூ.5,600 போய்விட்டது. ஜிப்சத்துக்கும் இரண்டாம் களைக்கும் வைத்திருந்த பணம் அது.

இது இப்போது கிராமங்களில் எளிதில் நேரக்கூடிய தவறு. சில வீடுகளில் தகப்பனார் ஒன்றுக்குச் சொல்லியிருக்க, வெளியூரில் இருக்கும் மகனும் அதே பொருளுக்கு ஆர்டர் போட்டுவிடுவதுண்டு. பணம் போனதே என்று கலங்க வேண்டியதில்லை. ஆனால் தாமதிக்கவும் கூடாது. முதல் சில மணி நேரத்தில் செய்வதை வைத்தே பணம் சுலபமாகத் திரும்புவதும் இழுபறியாவதும் அமையும்.

முதலில் பார்க்க வேண்டியது

இரண்டு முறை பணம் போனால் இரண்டு பொருள் வாங்கிவிட்டதாக அர்த்தமல்ல. செயலியில் 'என் ஆர்டர்கள்' என்ற பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே இரண்டு ஆர்டர் எண்கள் இருந்தால் இரண்டு பொருள் வரப்போகிறது. ஒரே எண் இருந்து, வங்கிக் கணக்கில் மட்டும் இரண்டு முறை பணம் கழிந்திருந்தால், அது பணப்பட்டுவாடாவில் நேர்ந்த கோளாறு. இரண்டுக்கும் பரிகாரம் வெவ்வேறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் புகார் செய்வதால்தான் பலர் அலைய நேரிடுகிறது.

இரண்டு ஆர்டர் பதிவாகியிருந்தால்

பொருள் விற்பவரின் கிடங்கிலிருந்து புறப்படும் முன்பே இரண்டாவது ஆர்டரை ரத்து செய்துவிட வேண்டும். அந்த ஆர்டரின் பக்கத்திலேயே ரத்து செய்யும் பொத்தான் இருக்கும். இரண்டையும் ரத்து செய்துவிடாமல், எண்ணைச் சரிபார்த்து ஒன்றை மட்டும் ரத்து செய்வது முக்கியம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, வாங்குபவர் ரத்து செய்ததற்காக நிறுவனம் கட்டணம் பிடிக்கக் கூடாது. தானே ரத்து செய்யும்போதும் அதேபோன்ற கட்டணத்தை நிறுவனம் ஏற்றுக்கொண்டால்தான் பிடிக்கலாம்.

பொருள் புறப்பட்டுவிட்டால், வீட்டுக்கு வரும்போது இரண்டாவது பார்சலை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடலாம். கொண்டு வருபவர் ஓ.டி.பி. கேட்டால், வேண்டாத பார்சலுக்கு அதைச் சொல்லக் கூடாது. சொன்னால் பெற்றுக்கொண்டதாகப் பதிவாகிவிடும். பொருள் வந்தபின் பணம் தருவதாகச் சொல்லியிருந்தால் கவலையே இல்லை. வாங்க மறுத்தால் போதும். வயலுக்குப் போகும் முன் வீட்டில் உள்ளவர்களிடமும் இதைச் சொல்லி வைப்பது நல்லது. விவரம் தெரியாமல் அவர்கள் வாங்கி வைத்துவிடக் கூடும்.

வாங்கி வைத்தாகிவிட்டது என்றால், இரண்டாவது பெட்டியைப் பிரிக்கவே கூடாது. பிரிக்காத பெட்டியையும் பில்லையும் படம் எடுத்துக்கொண்டு, திருப்பி அனுப்புவதற்கு உள்ள கெடுவுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்தக் கெடு பொருளுக்குப் பொருள் மாறும். ஆர்டர் பக்கத்திலேயே குறிப்பிட்டிருக்கும். வந்து எடுத்துச் செல்ல ஆள் வராத ஊராக இருந்தால், தபாலில் அனுப்பும் செலவு யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அனுப்ப வேண்டும். தபால் ரசீது பணம் வரும்வரை கையில் இருக்கட்டும்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழுதான பொருள், தவறான பொருள், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருள் ஆகியவற்றைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் நல்ல நிலையில் உள்ள பொருளை, வாங்கியவரே தவறி இரண்டாக வாங்கிவிட்டால், அதைத் திரும்பப் பெறுவது விற்பவர் முன்கூட்டி அறிவித்துள்ள நிபந்தனைகளைப் பொறுத்தது. விதை, பூச்சிமருந்து போன்றவற்றைத் திரும்ப எடுப்பதில்லை என்று பலர் போட்டிருப்பார்கள். சில பொருள்களுக்கு மாற்றித் தருவது மட்டும்தான் உண்டு, பணம் கிடையாது. ஆகவேதான் பொருள் புறப்படும் முன்பே ரத்து செய்வது மிக அவசியம்.

திருப்ப வழியே இல்லாதபோது, தேவைப்படும் பக்கத்து வயல்காரருக்குப் பிரிக்காத பெட்டியாகவே பில்லுடன் கொடுத்துவிடுவது உத்தமம். பில் இருந்தால்தான் பின்னால் பழுது பார்க்கவும் உதவும்.

ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் போனால்

யு.பி.ஐ. மூலம் பணம் கழிந்து, விற்பனை நிறுவனத்துக்கு அது போய்ச் சேர்ந்ததாக உறுதியாகாவிட்டால், பணம் போன நாளிலிருந்து 5 நாட்களுக்குள் தானாகவே கணக்கில் திரும்ப வேண்டும். அதற்குமேல் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 வீதம் இழப்பீடு தர வேண்டும். இது ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் பிறப்பித்த உத்தரவு.

இரண்டு தொகையும் நிறுவனத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தால், திருப்பித் தர வேண்டியது அந்த நிறுவனம். எனவே இரண்டு இடத்திலும் புகார் பதிவு செய்து வைப்பது நல்லது. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உள்ள 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பணம் செலுத்திய செயலியில் அந்தப் பரிமாற்றத்தைத் தொட்டால் எண் தெரியும். பாஸ்புத்தகத்தில் பதிவு போட்டும் சரிபார்க்கலாம்.

வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உள்ளது.

மண்டி வேறு, சரக்குக்காரர் வேறு

கமிஷன் மண்டி வைத்திருப்பவர் வேறு, அங்கே சரக்கைக் கொண்டுவந்து இறக்குபவர் வேறு அல்லவா? இணையச் சந்தையும் அப்படித்தான். சந்தை நடத்துவது ஒரு நிறுவனம். பொருளை விற்பது எங்கோ உள்ள ஒரு வியாபாரி. எந்தப் புகாரையும் ஆர்டர் பக்கத்தின் வழியாகவே பதிவு செய்து, புகார் எண்ணைப் பெற வேண்டும். பேச்சோடு விட்டால் பின்னால் காட்ட ஆதாரம் இருக்காது.

ஒவ்வொரு சந்தை நிறுவனமும் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் வெளியிட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்பது விதி. தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் முறையிடலாம்.

அதற்கும் பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தம் சொந்த மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். தம் பிழைப்புக்காகத் தாமே பயன்படுத்தக் கருவி வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்பதை மறக்கக் கூடாது.

ஏமாற்றுக்காரர்களிடம் எச்சரிக்கை

பணம் போன பதற்றத்தில் இணையத்தில் தேடி, கிடைத்த 'வாடிக்கையாளர் சேவை' எண்ணுக்குப் பேசுவது பெரிய ஆபத்து. மோசடிக்காரர்கள் இப்படிப் பொய் எண்களைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். செயலியில் உள்ள எண்ணை மட்டுமே நம்ப வேண்டும். பணம் திரும்ப வருவதற்கு ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. அந்த எண் பணம் கொடுப்பதற்கு மட்டும்தான். புதிதாக ஒரு செயலியை ஏற்றச் சொன்னால் உடனே பேச்சை நிறுத்திவிட வேண்டும். தவறிப்போய் பணம் இழந்தால், நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

வருமுன் காப்பது

பணம் செலுத்தும்போது வட்டம் சுற்றினால் மறுபடி அழுத்தக் கூடாது. சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்து, ஆர்டர் பதிவாகியிருக்கிறதா, கணக்கில் பணம் கழிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த காரியம். ஒரு வீட்டுக்கு ஒருவர் மட்டும் ஆர்டர் போடுவது என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. வேலைக்கு நாள் நெருங்கியபின் அவசரத்தில் வாங்காமல், விதைப்புக்கு முன்பே கருவிகளைச் சரிபார்த்து வாங்குவது இன்னும் சிறப்பு.

மருந்து நின்ற இடத்திலேயே மறுபடியும் அடித்தால் பயிர் கருகும் என்று விவசாயிக்குத் தெரியும். பொத்தானும் அப்படித்தான். ஒரு முறை அழுத்தியபின் பொறுத்துப் பார்த்தால், களையெடுக்க வைத்த பணம் களையெடுக்கவே உதவும்.