இரண்டு உப்புக்கு ஒரு சர்க்கரை

கம்பத்திலிருந்து ஒரு வாசகி கேள்வி அனுப்பியிருக்கிறார். அவரும் தோழிகளும் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேச்சு பிள்ளை வளர்ப்பைப் பற்றித்தான். தடுப்பூசி போட்ட ராத்திரி வரும் காய்ச்சல், ஊட்டிய சோற்றைத் துப்பும் குழந்தை, நடுவே பன்னீர் திராட்சை விலை, அன்றைய செய்தி. ஒரு நாள் சின்னமனூர்த் தோழி ஒருவர், "அக்கா, பிள்ளைக்கு ராவுல இருந்து வயித்தால போகுது, என்ன குடுக்கட்டும்?" என்று கேட்டிருக்கிறார். பதில்கள் கொட்டின. ஒருவர் கடையில் விற்கும் டப்பா பானத்தைச் சொன்னார். ஒருவர் இளநீர் என்றார். "டப்பாவுல ஓ.ஆர்.எஸ்.னு பேரு போடக்கூடாதுன்னு உத்தரவே வந்துருச்சு மதினி" என்று மூன்றாமவர் செய்தியை அனுப்பினார். வாசகி கேட்பது இதுதான்: "ஓ.ஆர்.எஸ்., டப்பா பானம் இரண்டுமே உப்பும் இனிப்பும் கலந்த தண்ணீர்தானே? ஒன்று மருந்து, மற்றது ஆகாது என்பது எப்படி?"

செய்தி உண்மை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் அந்த உத்தரவைப் போட்டது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கலவை அல்லாத பானம் எதுவும் 'ஓ.ஆர்.எஸ்.' (வயிற்றுப்போக்கில் இழந்த நீரை ஈடுசெய்யக் கரைத்துக் குடிக்கும் உப்புக் கலவை) என்ற பெயரைத் தாங்கக்கூடாது. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடியதன் பலன் இது. ஆனால் பெயரை எடுத்துவிட்டால் போதாது. ஏன் எடுத்தார்கள் என்று தெரிந்தால்தான் அடுத்து வேறு பெயரில் வரும் டப்பாவிடம் ஏமாறாமல் இருப்போம்.

சிறுகுடலின் உள்சுவரில் இருக்கும் செல்களில் ஒரு வாயில் உண்டு. அதற்கு எஸ்.ஜி.எல்.டி.1 என்று பெயர். அது ஒரு புரதம். உப்பிலுள்ள சோடியம் மட்டும் வந்தால் அது உள்ளே விடாது. குளுக்கோஸ் மட்டும் வந்தாலும் விடாது. இரண்டு சோடியம், ஒரு குளுக்கோஸ் என்று சேர்ந்து வந்தால்தான் விடும்.

விடிகாலையில் கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு மலையேறும் ஜீப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஜீப்பில் மூன்றே இருக்கைகள். முதலில் இரண்டு பெண்கள் ஏறுகிறார்கள், அவர்கள்தான் சோடியம். அவர்கள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மூன்றாவது இருக்கை சரியாக விரிகிறது. அதில் ஏறுபவர் கங்காணி, அதாவது குளுக்கோஸ். மூவரும் ஏறியதும் வண்டி புரண்டு மறுபக்கம் வாய் திறக்கிறது. ஆட்களை இறக்கிவிட்டு, காலியாகத் திரும்பி வந்து நிற்கிறது. ஜீப்பை ஓட்டுவது எது? தோட்டத்தில் இருக்கும் ஆள் பற்றாக்குறைதான். செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. அதனால் வெளியே நிற்கும் சோடியத்துக்கு உள்ளே போகும் வேகம் அதிகம். அந்த வேகத்திலேயே குளுக்கோஸையும் இழுத்துக்கொண்டு போகிறது. பற்றாக்குறை தீராமல் பார்த்துக்கொள்ள, தோட்டத்தின் பின்வாசலில் ஒரு பம்பு ஓயாமல் வேலை செய்கிறது. ஒவ்வொரு தடவையும் மூன்று சோடியத்தை ரத்தத்தின் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. உடம்பு இதில் செலவழிக்கும் சக்தி எல்லாம் அந்தப் பின்வாசலில்தான். முன்வாசல் ஜீப்புக்கு டீசல் செலவே இல்லை!

தண்ணீர் எங்கே வருகிறது? தண்ணீருக்கு ஜீப் வேண்டாம். உப்பும் சர்க்கரையும் எந்தப் பக்கம் சேர்கிறதோ அந்தப் பக்கம் தானே போகும். பிள்ளையின் உடம்புக்குள் தண்ணீரை நேராக ஏற்ற முடியாது. உப்பை ஏற்றினால் அது பின்னால் வரும். அந்த உப்பை ஏற்றத்தான் சர்க்கரை.

இந்த ஏற்பாட்டில் எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு. காலராக் கிருமியின் நஞ்சு குடல் செல்களின் குளோரைடு வாயிலைத் திறந்துவிட்டு உடம்பின் தண்ணீரை வெளியே கொட்ட வைக்கிறது. ஆனால் அது இந்த ஜீப்பைத் தொடுவதில்லை. குடல் தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும்போதும் உள்ளே இழுக்கும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். குழந்தைகளைப் படுத்தும் ரோட்டா வைரஸ் செல்களையே சிதைக்கும். அப்போதும் வேலை செய்யப் போதுமான செல்கள் பெரும்பாலும் மிஞ்சுகின்றன.

இப்போது டப்பாவுக்கு வருவோம். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் இருப்பது 20.5 கிராம் பொடி. அதில் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், மிச்சம் பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் சோடியமும் குளுக்கோஸும் எடையில் அல்ல, எண்ணிக்கையில் 75-க்கு 75 (மில்லிமோல்) என்று சமமாக நிற்கும். 2002-இல் உலக சுகாதார நிறுவனம் திருத்திச் சொன்ன கணக்கு இது. பெரும்பாலான குளிர்பானங்களில் 100 மில்லிக்கே ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை. லிட்டருக்கு 100 கிராம். ஜீப் ஏற்றாத சர்க்கரை குடலிலேயே தங்கி, உடம்பிலிருந்து தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். பேதி கூடும். நம் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைச் சாறும் இந்த வகையில் சேர்ந்ததுதான். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. தாகத்துக்கு நல்லது, ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு ஈடாகாது. உப்புப் போட்ட கஞ்சி நல்லதே. அதன் மாவுச்சத்து மெல்ல உடைந்து குளுக்கோஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே நுழைகின்றன என்று 1960-இல் சொன்னவர் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன். 1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் தங்கிய பங்கான் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்தபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கலவையைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். இறப்பு சுமார் 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. கரைசலை ஊட்டியவர்களில் பலர் நோயாளிகளின் வீட்டு ஆட்களே.

வாசகியின் குழுவுக்கு நெருக்கமான கதை அதற்குப் பிறகுதான். 1980-களில் வங்கதேசத்தில் 'பிராக்' அமைப்பின் பெண்கள் வீடு வீடாகப் போய் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்கள். அரை லிட்டர் தண்ணீர், மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம். கற்றுக்கொடுத்தவருக்குக் கூலி, கேட்ட தாய் பிறகு அதை எவ்வளவு சரியாக நினைவில் வைத்துச் செய்துகாட்டுகிறாள் என்பதைப் பொறுத்து! அம்மாக்கள் பேசிப் பரப்பியதால் நிலைத்த அறிவியல் இது. அதனால்தான் தோழிகளின் அரட்டையை நான் ஒருபோதும் அற்பமாக நினைப்பதில்லை. ஆனால் கைமாறும்போது முதலில் தொலைவது அளவுதான். "உப்பும் சர்க்கரையும் கலந்து குடு" என்பது பாதிச் செய்தி. உப்பு மிஞ்சினாலும் ஆபத்து, சர்க்கரை மிஞ்சினாலும் ஆபத்து.

ஆகவே குழுவுக்கு அனுப்ப வேண்டியது இதுதான். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கேளுங்கள். பாக்கெட்டில் ஒரு லிட்டர், 200 மில்லி என்று இருவகை உண்டு. எதுவானாலும் அதில் சொன்ன அளவு தண்ணீரில் முழுப் பொடியையும் கரையுங்கள். பாக்கெட் இல்லாவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒவ்வொரு தடவை வயிற்றால் போன பிறகும், இரண்டு வயதுக்குக் கீழ் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி, கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரையையும் கேட்டு வாங்குங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். கண் குழிவிழுந்தால், சிறுநீர் நின்றால், பிள்ளை சோர்ந்து கிடந்தால், மலத்தில் ரத்தம் இருந்தால் கரைசலை ஊட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இதை அனுப்பும்போது எண்களை விட்டுவிடாதீர்கள். மருந்தே அந்த எண்களில்தான் இருக்கிறது.